பச்சை என்று சொல்லப் பழகுதல்

முன்பெல்லாம் எங்கள் பிரிவில் வருடத்துக்கு ஒருமுறை, வேண்டுமென்றே, ஒரு கணினி அமைப்பை நிஜமாகவே நிறுத்திவிடுவோம். பிறகு அதைக் காப்புப் பிரதியிலிருந்து மறுபடி எழுப்புவோம். எழும்புமா, எழும்பாதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். எழும்பாத வருடங்களில் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்போம். யார் பிழை, எந்தப் பிழை, ஏன் பிழை! அந்தச் சண்டைகளை இப்போது நான் பழைய காதலை நினைப்பதுபோல நினைக்கிறேன்.

வின்டர்தூர் நகரத்தில், தண்டவாளங்களைப் பார்த்த ஒரு மாடி. நிறுவனத்தின் தரவுகளைக் காப்பது எங்கள் வேலை. புதிய தலைவி வந்தபின் அந்தப் பரீட்சை மேசையைச் சுற்றியிருந்து பேசுகிற பயிற்சியாகச் சுருங்கியது. "அமைப்பு விழுந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம்" என்பார். "எழுப்பிவிடுவோம்" என்போம். சரி என்று திரையில் ஒரு கட்டம் பச்சையாகும். பிறகு கோப்பி. வெளியே பனிமூட்டம், உள்ளேயும் அதுவே.

பிரதிகளுக்குப் பொறுப்பானவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இளையவர். அவர் மட்டும் மேசையை நம்பவில்லை. ஒரு மத்தியானம், ஒருவரும் கேட்காமலே, ஒரு பிரதியைத் தனி இயந்திரத்தில் திறந்து பார்க்கப் போனார். வெளிறிப்போய் என்னிடம் வந்தார்.

"அக்கா, சிரிக்கக்கூடாது. பிரதியையெல்லாம் ரகசியக் குறியீடு போட்டுப் பூட்டி வெச்சிருக்கோம்ல? அந்தச் சாவி எங்க இருக்குன்னு தெரியுமா?"

"எங்கை?"

"விழப்போற அமைப்புக்குள்ளயேதானுங்க. அது விழுந்தா சாவியும் போச்சு."

சிரித்துவிட்டேன். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறோம், இவ்வளவு சான்றிதழ்களைச் சுவரில் மாட்டிய நாங்கள். அதை வெளியே எடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி கேட்க, யாராவது கூட்டத்தில் சிவப்பு என்று சொல்ல வேண்டும்.

"சொல்லுங்கோ தம்பி. பயப்பிடாதேங்கோ."

"சொல்லத்தான் போறேன். மொதல்ல அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன், மரியாதைக்கு."

தலைவியின் அறையிலிருந்து திரும்பியவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ரொம்ப முக்கியமான கவனிப்புன்னாங்க. ஆனா இப்ப சிவப்பு காட்டினா மேலிடத்துல நம்ம பிரிவையே கலைச்சிருவாங்களாம். அப்புறம், இங்க தங்கற பெர்மிட் எப்ப புதுப்பிக்கணும்னு கேட்டாங்க. வேலைக் கடிதம் அவங்கதானே குடுக்கணும்."

"அது வெருட்டல்."

"மிரட்டலா? அன்பாத்தான் கேட்டாங்க அக்கா. அதான் புரியல."

எனக்கு இந்த நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது, சிலுவை போட்டது. என்னை எங்கும் அனுப்ப முடியாது. அவருக்கு இந்த வேலை போனால் வீடு, மகள் சேரவிருக்கும் பள்ளிக்கூடம், எல்லாமே போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, கூட்டத்தில் அவர் முறை வரும்போது அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பச்சை" என்றார், நல்ல ஜெர்மனில்.

நான் கையை உயர்த்தினேன். எனக்கு அது சிவப்பு, சாவி உள்ளே இருக்கிறது என்றேன். தலைவி என்னைக் கோபிக்கவில்லை. தலையைச் சாய்த்து, "அதைக் கையாள்பவரையே கேட்போமே" என்று கோயம்புத்தூர்க்காரர் பக்கம் திரும்பினார்.

இனி ஒரு வார்த்தை பேசினால் நான் நிரூபிப்பது சாவியை அல்ல, அவர் பொய்யை. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பச்சைதான்" என்றார் மறுபடி.

நான் கையை இறக்கிக்கொண்டேன். இந்த ஊரில் கைதட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். மேசை முழுவதும் தட்டியது, மழை தொடங்குவதுபோல.

ரயில் நிலையம்வரை சேர்ந்துதான் நடந்தோம்.

"கோபமா அக்கா?"

"இல்லை."

"ஏதாவது கதையுங்க. உங்க ஊர்த் தமிழ்லயே திட்டுங்க."

எனக்குத் திட்ட வரவில்லை. அதன்பிறகு நாங்கள் சண்டை பிடித்ததே இல்லை. ஒரு வரிப் பிழைக்காக மதியச் சாப்பாட்டை ஆறவிட்டு வாதாடிய இரண்டு பேர், பனியைப் பற்றியும் ரயில் தாமதத்தைப் பற்றியும் மிகுந்த மரியாதையோடு பேசிக்கொண்டோம். அடுத்தடுத்த கூட்டங்களில் என் குரலையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கட்டம் பச்சையாகவே இருந்தது, சாவி உள்ளேயே இருந்தது.

கோடையில் அவருக்குப் பெர்மிட் வந்தது. மைசூர்பாகு கொண்டுவந்து மேசை மேசையாகக் கொடுத்தார். என்னிடம் வந்ததும் டப்பாவை நீட்டியபடியே நின்றார்.

"ரெண்டு எடுத்துக்கங்க அக்கா."

இரண்டு எடுத்தேன். மகள் கிண்டர்கார்டனில் சேர்ந்துவிட்டாளாம், இந்த ஊர் ஜெர்மனில் அவரையே திருத்துகிறாளாம். அவர் சிரித்தார். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.