சந்தியாவைக் கேட்காமல் போட்ட படம்

நார்வேக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் மகளின் பள்ளியில் பாட்டு விழா நடந்தது. எட்டு வயதுக்காரி, தலையில் காகிதக் கிரீடத்தோடு நின்றிருந்தாள். ஊருக்கு அனுப்பலாம் என்று போனைத் தூக்கியதும் அவளுடைய ஆசிரியை அருகில் வந்து, "ஸ்பொர் ஹென்னே" என்றார். கேளுங்கள் என்பது புரிந்தது. யாரை? அவள், அவர் என்று நம் தமிழில் இருக்கும் வேறுபாடு அந்த மொழியில் இல்லை. தலைமையாசிரியரைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, கூடத்தின் மறுகோடியில் நின்ற ரெக்டர் அம்மாவிடம் போய் அனுமதி கேட்டேன். அவர் சிரித்தார். என்னை அழைத்துவந்து என் மகள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, அப்பா உன்னைப் படம் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். மகள் சற்று யோசித்து, "வேணாம்" என்றாள். ரெக்டர் தலையசைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது. ஒரு குழந்தையின் 'வேணாம்' முன்னால் பெரியவர்கள் அப்படி விலகி நின்றதை நான் அதற்குமுன் கண்டதில்லை. பல நாள் அதையே வியந்து பேசிக்கொண்டிருந்தேன்.

வியந்தேனே தவிரக் கற்றுக்கொள்ளவில்லை. அதே மாதம் ஊரில் என் அக்கா மகள் சந்தியா கட்டுரைப் போட்டியில் மாவட்டப் பரிசு வாங்கினாள். செங்கம்மா அக்கா பழவேற்காட்டு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவள். எழுத்து வாசனை இல்லாதவள். நான் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் பழகி இங்கே வந்தவன். எங்கள் குடும்பத்தில் பதினோராம் வகுப்பை எட்டிய முதல் ஆள் சந்தியா. அக்கா அனுப்பிய படத்தில் சீருடையும் சிரிப்புமாக அவள் நின்றாள். கையில் சான்றிதழ், கழுத்தில் போட்டிக்கான அட்டை. அந்த அட்டையில் பெயர், வகுப்பு, பள்ளி, வீட்டில் எல்லாருக்கும் பொதுவான போனின் எண். பெருமை தாங்காமல் ஃபேஸ்புக்கில் போட்டேன். ஊர்க்காரர்கள் எடுத்து எடுத்துப் பகிர்ந்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவே இல்லை. அந்த மரியாதை இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன் போலும்.

மூன்று வாரம் கழித்து, வேலைக்கு நடுவே அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, இவ ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்றா. இன்னானு கேட்டா வாயத் தொறக்கல. இஷ்டம் இல்லனா நின்னுக்கட்டும்னு அவ நைனா சொல்றாரு."

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். சந்தியா போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாரோ ஒருவன் அவள் பெயரிலேயே போலிக் கணக்கு திறந்திருக்கிறான். தினமும் வீட்டுப் போனுக்குச் செய்தி அனுப்புகிறான். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு எல்லாம் தெரியும் என்கிறான். பதில் போடாவிட்டால் அவள் முகத்தை வேறு படத்தில் ஒட்டி எல்லாருக்கும் அனுப்பிவிடுவதாக மிரட்டுகிறான்.

"அவனுக்கு இதெல்லாம் எப்டிம்மா தெரிஞ்சது?"

"நீ போட்ட போட்டோலேர்ந்துதான் மாமா."

குரலில் கோபம் இல்லை. நான் கையுறையைக் கழற்றிவிட்டு அங்கேயே இரும்புத் தகட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் அழித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "ஒண்ணயும் அழிக்கல மாமா. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிக்கிறேன். டீச்சர்ட்ட காட்டலாம்னுதான். அம்மாக்கு எப்டி சொல்றதுனுதான் தெரில." பதினாறு வயதில், அந்தப் பயத்துக்கு நடுவில், சாட்சி வேண்டும் என்று தோன்றியிருக்கிறது அவளுக்கு. அன்று அக்காவிடம் நான் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். அக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டாள். "சரி, வை," என்றாள்.

மறுநாள் நடந்ததைச் சந்தியாவின் வகுப்பு ஆசிரியை எனக்குப் போனில் சொன்னார். அவரும் அக்காவும் சந்தியாவுமாக மூவரும் சைபர் கிரைம் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். அக்கா ஏரியிலிருந்து ஏறி வந்த ஈரச் சேலையோடு போயிருக்கிறாள். புகாரை வாங்கியவர் கூட்டத்துக்கு நடுவே பெண்ணின் பெயரையும் ஊரையும் உரக்கப் படிக்க ஆரம்பித்தாராம். தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத என் அக்கா எழுந்து நின்றிருக்கிறாள்.

"சார், எம் பொண்ணு பேர சத்தமா படிக்காதீங்க. பேரு வெளிய போனதாலதான் இங்க வந்து நிக்கிறோம்."

அந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுந்து உள்ளறைக்கு அழைத்துப் போனாராம். நார்வேயில் பள்ளியும் சட்டமும் சேர்ந்து சொல்லிக்கொடுப்பதை என் அக்கா யாரிடமும் கற்காமல் தெரிந்துவைத்திருந்தாள்.

போலிக் கணக்கு முடக்கப்பட்டது. சில வாரங்களில் ஆளும் சிக்கினான். எங்கோ தொலைவில் இருப்பவன். சந்தியாவை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவள் மறுபடி பள்ளிக்குப் பொன்னேரி பஸ் ஏறினாள். முதல் வாரம் முழுக்க அவள் நைனா தொழிலுக்குப் போகாமல் பள்ளி வாசல்வரை கூடவே போய்வந்தார்.

என் பங்குக்கு நான் படத்தை நீக்கினேன். ஆனால் பகிர்ந்தவர்கள் கையில் அது அப்படியே இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். "நல்ல சேதிதானே, இதுக்கு இன்னாத்துக்கு பயப்பட்ற?" என்று கேட்டவர்களே அதிகம். ஒவ்வொருவரிடமும் காரணம் சொல்லாமல் கெஞ்சினேன். சொன்னால் அவள் கதையும் பரவிவிடும். எல்லாம் முடிந்ததும் என் கணக்கையும் மூடிவிட்டேன். அதோடு ஊரின் படங்களும் நின்றுபோயின. யார் வீட்டுக் கல்யாணம், ஏரியின் முகத்துவாரம் மணலில் அடைத்துக்கொண்டதா, எந்தப் படகு புதிது, எதுவும் இப்போது என் கண்ணுக்கு வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கூப்பிடுவாள். அங்கே வெயில் ஏறியிருக்கும். இங்கே அப்போதுதான் விடியும். நாலு வார்த்தை பேசிவிட்டு, "தண்ணில எறங்கறேன், வெச்சிடாத," என்பாள். போனைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கரையில் வைத்துவிட்டுப் போவாள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பதால் அதன்பின் அவளால் பேச முடியாது. நான் ஜன்னலோரம் நிற்பேன். வெளியே, மலைகளுக்கு நடுவே புகுந்த கடலான ஃபியோர்டின் கறுத்த நீர் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடக்கும். காதில், சேற்றைத் துழாவித் துழாவி அக்கா நகரும் சத்தம், மெல்ல மெல்ல என்னைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும்.