எம்பெக்கே தூணும் என் வீட்டுத் தூணும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேரில் பார்க்காத கோவிலின் தூண்களைத் தன் வீட்டு முகப்பில் கட்டச் சொன்ன மடையன், எனக்குத் தெரிந்து யாழ்ப்பாணத்தில் நான் ஒருவன்தான். கலண்டரில், கண்டிப் பக்கத்து எம்பெக்கே கோவிலின் மரத்தூண் மண்டபத்தைப் பார்த்தேன். மறுநாளே வீடு கட்டும் மேசனிடம் எட்டுத் தூண் சொல்லிவிட்டேன். கொங்கிறீட்டில் வார்த்து மரநிறம் பூசுவதாகத் திட்டம். உயரத்தையும் அந்தப் படத்தில் அடிமட்டம் வைத்து நானே கணக்குப் பார்த்துக் கொடுத்தேன்.

என் மனைவி கேட்டதோ முன் விறாந்தையில் உட்கார நான்கு கதிரை போட இடம். தூண் வந்தால் கதிரை இல்லை. "ஒருக்கா நேரில பாப்பம். பாத்த பிறகும் உங்களுக்கு வேணுமெண்டால் நான் வாய் திறக்கமாட்டன்" என்றாள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை எட்டரை மணி, பேராதனை. மடவளையைச் சேர்ந்த ஓட்டோக்காரர், நாங்கள் 'நானா' என்று கூப்பிட்ட முஸ்லிம் அண்ணன், போய்வர மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொன்னார். வழியில் ஈரடுக்குச் சரிவோடு கம்பீரமான ஓட்டுக்கூரை ஒன்று தெரிந்தது. ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, கண்டி மன்னர் காலக் கட்டடக்கலை பற்றி மனைவிக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். நானா முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அது பேங்க் சேர். போன வருஷம்தான் தொறந்தாங்க."

மீதி வழியில் கூரைகளைப் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டேன்.

ஒன்பதேகால் மணிக்கு எம்பெக்கே. கதிர்காமத் தெய்வத்துக்கான பழைய கோவில். செருப்பைக் கழற்றிவிட்டு, மேளம் கொட்டும் மண்டபத்துக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கலண்டர் என்னிடம் பொய் சொல்லியிருந்தது; இந்த மரச்செதுக்கல் எதுவும் படத்தில் தெரியவில்லை. ஒரு தூணில் கழுத்தைப் பின்னிய அன்னங்கள், அடுத்ததில் மல்லர்கள், அதற்கடுத்ததில் பிள்ளைக்குப் பாலூட்டும் தாய். உளி பட்ட மரம் மூச்சு விடுகிறதோ என்று காதைக் கிட்டக் கொண்டுபோனேன், காவலாளி முறைத்தார்.

பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். மண்டபத்தின் கோடியில் கூரையின் இருபத்தாறு கைமரங்கள் விசிறிபோல் மேலேறி, உச்சியில் ஒரே ஒரு மரமுளையில் கூடி நின்றன. அவ்வளவு ஓடுகளையும் அந்த ஒரு முளை பிடித்திருக்கிறது என்று புரிந்ததும் என் இரண்டு கைகளும் தாமாகவே தலையைப் பொத்திக்கொண்டன. ஒரு பாய்ச்சலில் வெளியே வந்துவிட்டேன்.

"விழாது சேர்" என்றார் நானா. "நீங்க பொறக்க முன்னமே நிக்குது."

வெட்கத்தோடு திரும்பி உள்ளே போனேன். இவ்வளவு அழகும் சும்மா நிற்கவில்லை. அன்னமும் மல்லனும் தாயும் ஆளுக்கொரு பங்கு கூரையைச் சுமந்துகொண்டிருந்தார்கள். சுமக்கிற ஒன்று இத்தனை லேசாகத் தெரியமுடியுமா? மனைவி என் பக்கத்தில் வந்தாள்.

"இந்தத் தூணுகளை எடுத்தால் கூரை விழும். எங்கட தூணுகளை எடுத்தால்?"

கைத்தொலைபேசியை எடுத்து மேசனைக் கூப்பிட்டேன். நாலு தூண் வார்த்து, அன்று காலைதான் அச்சுப் பலகை கழற்றியிருப்பதாக மேசன் சொன்னான். மிச்சம் வேண்டாம், கதிரை போடப்போகிறோம் என்றேன். வார்த்த நாலையும் இடித்துவிடச் சொல்ல வாயெடுத்தபோது, மேலே இருந்த அந்த ஒற்றை முளை மறுபடி கண்ணில் பட்டது.

"தம்பி, அந்த நாலையும் இடிச்சால் முகப்புக் கூரை இறங்காதோ?"

"நீங்கள் தந்த உயரத்துக்கு அதில கூரை முட்டவே இல்லை, அண்ணை."