பாரோவும் லெண்டும் எங்க அப்பாவும்

இன்னைக்குக் காலைல போன்ல ஒரு இங்கிலீஷ் பாட வீடியோ. 'பாரோ, லெண்ட் குழப்பமா? ஒரே நிமிஷத்துல தெளிவு!'

ஒரு நிமிஷம் எதுக்குங்க? எங்க அப்பா ஒரே வரில சொல்லுவாரு.

"பக்கத்துக் கடைல பம்பு கேட்டு வாங்குனா பாரோ, நம்ம பம்பைக் குடுத்தா லெண்ட். குடுத்தது திரும்பி வரலைன்னா அதுக்கு இங்கிலீஷ்ல என்ன தாயி?"

(இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பதில் தெரியல!)

செல்லூர்ல வீட்டு முன்பக்கமே எங்க சைக்கிள் கடை. அப்பா நாலாப்புதான்.

எண்பதுகள். பி.ஏ. முடிச்சிட்டு வீட்ல இருக்கேன். பொண்ணு கேட்டு ஆள் வந்துக்கிட்டே இருக்கு. எனக்கோ டீச்சராகணும்னு வெறி!

அப்பா வாக்குக் குடுத்தாரு. "வேலை கிடைச்சிருச்சுன்னா ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன்."

பக்கத்துல புதுசா ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல ஆள் எடுத்தாங்க. இந்த மாதிரி குழப்புற வெர்ப்பாத்தான் கேப்பாங்கன்னு பேச்சு.

நான் உள்ள இருந்து சத்தமா ஒப்பிப்பேன். அப்பா வாசல்ல பஞ்சர் ஒட்டிக்கிட்டே திருப்பிச் சொல்லுவாரு.

இன்டர்வியூ அன்னைக்கு சைக்கிள் கேரியர்ல என்னைய உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாரு.

என் பேரைக் கூப்பிட்டாங்க. அப்பாவும் கூடவே உள்ள வந்துட்டாரு! வெளி ஆம்பளைக இருக்குற ரூமுக்குள்ள வயசுப்புள்ளைய எப்படித் தனியா அனுப்புறது?

கரஸ்பாண்டென்ட் என்னையப் பாத்துத்தான் கேட்டாரு. "ரைஸ், ரெய்ஸ், என்ன வித்தியாசம்?"

நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அப்பா எந்திரிச்சுட்டாரு.

"தானா எந்திரிச்சா ரைஸ் சார். நம்ம தூக்கி விட்டா ரெய்ஸ்!"

பொண்ணு பாக்க வர்றவங்க கேக்குறதுக்கெல்லாம் அப்பாதான பதில் சொல்லுவாரு? அதே பழக்கம். நான் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். அப்பா பேசும்போது ஊடால பேசுறது எங்க வீட்ல கிடையாது.

அடுத்த கேள்விக்கும் அப்பா. அதுக்கடுத்ததுக்கும் அப்பா!

"ஐயா, வேலை உங்களுக்கா, பொண்ணுக்கா?"ன்னு கரஸ்பாண்டென்ட் சிரிச்சாரு.

அப்பாவும் சேந்து சிரிச்சாரு. "எல்லாம் எம்புள்ள சொல்லிக் குடுத்ததுதான் சார்!"

அப்பா சைக்கிள் எடுக்கப் போன நேரம், கரஸ்பாண்டென்ட் பக்கத்துல உக்காந்திருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைய ஓரமாக் கூப்பிட்டாங்க.

"படிச்ச புள்ளன்னு தெரியுதும்மா. ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறியே. கிளாஸ்ல எப்படிம்மா சமாளிப்ப? வேற ஆளப் பாத்துக்கிறோம்."

வந்து கேரியர்ல உக்காந்தேன்.

அப்பா மிதிச்சுக்கிட்டே கேட்டாரு. "எல்லாம் சரியாத்தான தாயி சொன்னேன்?"

"எல்லாமே சரிப்பா."

வேற என்னத்தச் சொல்ல?

தை மாசம் எனக்குக் கல்யாணம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு கிளாஸ் ரூமுக்குள்ளயும் நான் டீச்சரா நுழையல. அந்த வருத்தம் இன்னும் போகல. ஆனா அப்பா மேல மட்டும் கோவமே வர மாட்டேங்குது.

அவரு சாகுற வரைக்கும் கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. "கேட்ட கேள்விக்கெல்லாம் கரெக்ட்டா சொன்னோம்ணே. சிபாரிசு உள்ளவங்களுக்குக் குடுத்துட்டாய்ங்க!"

அப்பா வீட்டுக்குப் போறப்பல்லாம் நானும் பக்கத்துல நின்னு, "ஆமாப்பா"ன்னு தலையாட்டுவேன்.

நீங்களா இருந்தா உண்மையைச் சொல்லியிருப்பீங்களா?