பாதிப் பக்கத்தில் நின்ற ஈசிஜி

"வந்துட்டீங்களா சார்? இப்பவும் ஃபேக்ஸ் பாதியில புட்டுக்கிச்சு. உள்ள ஆளு துடிச்சிக்கினு கெடக்கறாரு!"

திண்டிவனம் கிளைக்குள் நான் நுழைந்ததும் ஸ்டெல்லா சிஸ்டர் இப்படித்தான் வரவேற்றார்.

நான் அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் இன்ஜினியர். பெரிய மருத்துவமனை விழுப்புரத்தில். அதன் சிறு கிளை திண்டிவனத்தில். இரண்டையும் இன்டர்நெட் டெலிபோனில் இணைத்தவன் நான். எஸ்.டி.டி. செலவு மிச்சம் என்று சொல்லி, கிளையின் பழைய லேண்ட்லைனைத் துண்டிக்க வைத்தவனும் நானே. செல்போனில் படம் எடுத்து அனுப்பும் வழக்கம் வராத காலம் அது. நெஞ்சுவலி என்று யாராவது வந்தால், ஈசிஜியை ஃபேக்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்புவார்கள். இதய டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவார்கள். தவறான ஆளுக்குப் போட்டால் அந்த ஊசியே உயிரை எடுத்துவிடும்.

புது லைன் வந்ததிலிருந்து ஈசிஜி பாதிப் பக்கத்தில் நின்றது. சிஸ்டர் பல முறை புகார் செய்தார். ஒவ்வொரு முறையும் நான் வருவேன். "ஹலோ, கேக்குதா?" என்று பேசிப் பார்ப்பேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் 'டெஸ்ட் ஓகே' என்று எழுதி அனுப்புவேன். அழகாகப் போகும். 'லைனில் குறை இல்லை. தாளைச் சரியாக வைப்பதில்லை' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டு பஸ் ஏறுவேன். நிர்வாகியிடம் திட்டு வாங்கியது சிஸ்டர்.

அன்று வந்திருந்தவர் பெருமுக்கல்லில் வேர்க்கடலை போட்டிருந்த விவசாயி. அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மல்லாட்ட புடுங்கிக்கினு இருந்தாரு சார். அப்படியே நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்துட்டாரு. ஜல்தி எதுனா பண்ணுங்க சார்!"

ஞாயிற்றுக்கிழமை. பஜாரில் ஃபேக்ஸ் கடை மூடியிருந்தது. சிஸ்டர் மறுபடி அனுப்பினார். மெஷின் கீச்சிட்டது, தாள் பாதி இறங்கியது, நின்றது.

நான் விடவில்லை. "லைன் நல்லாதான் இருக்கு சிஸ்டர், இப்ப பாருங்க" என்று என் பையிலிருந்த டெஸ்ட் தாளை வைத்து அனுப்பினேன். முழுசாகப் போனது. உடனே போன் அடித்தது. எடுத்தேன்.

"எவன்யா அவன்? நெஞ்சுவலிக்கு 'டெஸ்ட் ஓகே'ன்னு அனுப்பறான்! எனக்கு ஈசிஜி வேணும்யா!" விழுப்புரத்து டாக்டரின் குரல், துளி இரைச்சல் இல்லாமல், பக்கத்தில் நின்று கத்துவதுபோலக் கேட்டது.

அந்தத் திட்டு வாங்கிய நொடியில்தான் எனக்கு உறைத்தது. குரல் இவ்வளவு சுத்தமாக வருகிறது. என் தாள் போகிறது. ஈசிஜி மட்டும் போகவில்லை. என் தாளில் இரண்டே சொற்கள், சட்டென்று முடிந்துவிடும். ஈசிஜி தாளிலோ பக்கம் முழுக்கப் பொடிக் கட்டங்கள். அனுப்பி முடிக்க வெகு நேரம் ஆகும். இன்டர்நெட்டில் நெரிசல் வரும்போது, போனை இன்டர்நெட்டோடு இணைக்க நான் வைத்த பெட்டி ஒலியைக் கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் வெட்டிச் சரிசெய்யும். மனிதக் காது அதைப் பொறுத்துக்கொள்ளும். ஃபேக்ஸ் மெஷின் பொறுக்காது, லைனை விட்டுவிடும்.

"கத்திரிக்கோல் எடுங்க சிஸ்டர்! ஈசிஜிய வெட்டுங்க!"

"வெட்றதா? ஒரிஜினல் சார் அது!"

"ஜெராக்ஸ் போட்டு வெட்டுங்க. சின்னதா இருந்தா லைன் அறுந்துபோறதுக்குள்ள போயிடும்!"

சிஸ்டர் ஓடினார். ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு வரிசையாக வெட்டி நீட்டினார். நான் ஒவ்வொரு துண்டையும் மெஷினுக்குள் தள்ளினேன். முதல் துண்டு போனது. இரண்டாவதும் போனது. ஒன்று நின்றது, மறுபடி தள்ளினேன், போனது. அவசரத்தில் ஒரு துண்டு கீழே பறந்துவிழ, அந்த அம்மாவே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

போன் அடித்தது. "ஒட்டிப் பாத்துட்டேன். அட்டாக்தான். ஊசியப் போடுங்க, உடனே!"

கிளையின் டியூட்டி டாக்டர் ஊசியோடு உள்ளே போனார். வெகு நேரம் கழித்து வெளியே வந்து, "வலி கொறையுதாம்" என்றார். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு எகிறிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்த வேகத்திலேயே, இங்கிருந்தபடியே, இரண்டு ஊர்ப் பெட்டிகளிலும் ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி-38 என்ற முறையைப் போட்டேன். பெட்டிகளை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. ஃபோன்கள் கொஞ்ச நேரம் செத்துக் கிடந்தன. அவ்வளவுதான் வேலை. வெட்டாத ஈசிஜியை வைத்தோம். கடைசிக் கட்டம் வரைக்கும் போனது.

"பாத்தீங்களா சிஸ்டர்!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது முன்னாடியே பெட்டில இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு."

"தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியும். படித்திருந்தேன். ரீஸ்டார்ட் செய்தால் ஃபோன் நின்று எல்லோரும் கத்துவார்கள் என்று ஒத்திப்போட்டு வந்தேன். அதை அவரிடம் சொல்லாமல், "இதுக்கு முன்னாடி ஃபேக்ஸ் போவலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஊசி போடாம ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்புவோம் சார்."

"எல்லாரும் போய்ச் சேந்தாங்களா?"

"வல்லத்து ஆளு ஒருத்தரு. வழியிலயே போயிட்டாரு, விக்கிரவாண்டி தாண்டல."

ஃபேக்ஸ் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தை எனக்குச் சாதகமாகவே வைத்துக்கொண்டேன். 'செட்டிங் மாற்றப்பட்டது' என்று ரிப்போர்ட் எழுதினேன். அதைப் போடாமல் விட்டது யார் என்று எழுதவில்லை. நிர்வாகி என்னைப் பாராட்டினார். சிஸ்டர் வாங்கிய திட்டை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். லைனில் எது போக வேண்டுமோ, அதையே அனுப்பிப் பாருங்கள். உங்களுக்கு வசதியான தாளை அனுப்பாதீர்கள். போகவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் கையால் அனுப்பச் சொல்லி, அது நிற்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். நான் ஒரு முறை அப்படி நின்றிருந்தால் போதுமாக இருந்திருக்கும். நிற்காமல் பஸ் ஏறினேன்.