கால் பார்க்கும் கண்ணாடி

என் அத்தானின் முகம் யார் மனதிலும் நிற்காது. குறையாகச் சொல்லவில்லை. அவருக்குச் சோறு போட்டதே அந்த முகம்தான். கல்யாணப் படத்தில் அக்கா பக்கத்தில் நிற்பது அவர்தானா, இல்லை போட்டோக்காரர் அவசரத்தில் இழுத்து நிறுத்திய யாரோவா என்று எனக்கே சந்தேகம் வரும். "கடைவீதியில கையை விட்டுட்டா அவ்வளவுதான், எதிர்ல நின்னாலும் கண்டுபிடிக்க முடியாது" என்பாள் அக்கா. அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் நினைவில் நிற்காது.

போலீஸ் இலாகாவில் சீருடைத் துணி இருப்பைப் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் எங்களிடம் சொல்லி வைத்திருந்தார். சப்பென்ற மனிதருக்குச் சப்பென்ற வேலை என்று நாங்களும் நம்பினோம். உண்மையில் அவர் உளவுப் பிரிவில் ஆட்களைப் பின்தொடர்கிறவர். காட்டிய ஆளின் பின்னால் போக வேண்டும், அவர் யாரைப் பார்க்கிறார், எங்கே நிற்கிறார் என்று கவனிக்க வேண்டும், தான் அங்கே இருந்ததே தெரியாமல் திரும்ப வேண்டும். இலாகாவில் அவருக்குச் 'சுவர்' என்று பட்டப்பெயர். நான் வைத்திருந்த பெயர் வேறு. ஓட்டலில் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார், வீட்டுக்குப் போன வழியில் மறுநாள் போக மாட்டார், கதவு தட்டினால் முதலில் ஜன்னல் பக்கம் நகர்வார். சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். அவர் பயந்தது நிஜம். எதற்கென்று தெரியாமல் கேலி செய்துகொண்டிருந்தவன் நான்தான்.

எனக்குச் செருப்புக்கடை. விற்பதும் உண்டு, தைத்துக் கொடுப்பதும் உண்டு. எல்லாச் செருப்புக்கடையிலும் இருப்பதுபோல, தரையோடு சாய்த்து வைத்த ஒரு குட்டைக் கண்ணாடி என் கடையிலும் உண்டு. புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றால் கால் மட்டும் தெரியும். கடையில் அத்தானுக்குப் பிடித்த ஒரே பொருள் அதுதான். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, வேண்டாத ஷூவையெல்லாம் மாட்டிக் கழற்றுவார். ஒன்றும் வாங்க மாட்டார். "கண்ணாடியையே பேசாம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்களேன்" என்று எரிச்சலோடு சொல்லியிருக்கிறேன்.

கடைக்கு அடிக்கடி வரும் இன்னொருவர், துணி துவைக்கப் போகும் ஓர் அம்மா. ஊரில் பெரிய கிடங்கு வைத்திருக்கும் ஒருவரின் வீட்டில் அவளுக்கு வேலை. வீடும் கிடங்கும் ஒரே மதிலுக்குள். சிவப்பு வார் வைத்த ஒரு ஜோடிச் செருப்பு அவளிடம் இருந்தது. அதன் வலது வாரோ இடது வாரோ எப்போதும் அறுந்துகொண்டே இருக்கும். கொடுத்துவிட்டுப் போவாள், நான் வாசல் ஆணியில் மாட்டி வைத்து, நேரம் கிடைக்கும்போது தைப்பேன். பிளேடால் வெட்டியதுபோல நறுக்கென்று அறுந்திருக்கும். புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் செருப்பின்மேல் கோபத்தைக் காட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அவளுக்குப் புருஷனே இல்லை, ஒரே ஒரு பெண் குழந்தைதான் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் அத்தான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வழக்கம்போல ஒரு ஷூவை மாட்டினார். கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

"மாப்ள, திரும்பிப் பார்க்காதே. கண்ணாடியில பாரு. பழுப்பு ஷூ, இடது குதி தேஞ்சது. தெரியுதா?"

தெரிந்தது. எதிர்ச்சாரியில் பழக்கடை ஓரம் நின்றிருந்தது.

"காலையில நீலச்சட்டை. இப்ப வெள்ளைச்சட்டை, தொப்பி. சட்டையை மாத்துவாங்க, ஷூவை மாத்த மாட்டாங்க. நானே எத்தனை தடவை திட்டியிருக்கேன்" என்றார்.

"யாரு அத்தான்?"

"எங்க ஆளுங்கதான்."

வாசல் ஆணியைப் பார்த்தார். சிவப்புச் செருப்பு வலது வார் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, தோல் அடுக்கியிருக்கும் பின்னறை வழியாகச் சந்துக்குள் இறங்கிப் போய்விட்டார். பழுப்பு ஷூ வெகுநேரம் நின்று, பிறகு பதறிக்கொண்டு கடைக்குள் வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனது.

சில நாள் கழித்து அத்தான் மறுபடி வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஷூவை மாட்டிக் கழற்றியபடியே, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், எல்லாவற்றையும் சொன்னார். என்னை நம்பிச் சொல்லவில்லை, வேறு வழியில்லாமல் சொன்னார்.

அந்தக் கிடங்குக்காரர் துப்பாக்கி கடத்துகிறவர். துணி துவைக்கும் அம்மாதான் அந்த மதிலுக்குள் இலாகாவுக்கு இருந்த ஒரே கண். அவளைச் சேர்த்த பழைய அதிகாரி மாரடைப்பில் போய்விட்டார். அவள் யார் என்பது இப்போது அத்தானுக்கு மட்டும்தான் தெரியும், எந்தக் காகிதத்திலும் கிடையாது. வலது வார் அறுந்தால் அத்தான் அவளைப் போய்ப் பார்க்க வேண்டும், இடது வார் அறுந்தால் சேதி ஒன்றுமில்லை. என் கடை ஆணிதான் அவர்களுடைய தபால்பெட்டி. இத்தனை காலமும் நான் நாட்டுக்குச் சேவை செய்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

கொஞ்ச காலமாகக் கிடங்கில் சோதனை போடப் போகும்போதெல்லாம் அது துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. உள்ளே யாரோ சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு பெண் அதிகாரியை அனுப்பினார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் சோதனை வெவ்வேறு நாளில் என்று சொல்லி வைத்தார். எந்த நாளுக்கு முன்னால் கிடங்கு காலியாகிறதோ, அந்த நாள் யாருக்குச் சொன்னதோ, அவர்தான் ஆள். அத்தானுக்குச் சொன்னது வியாழக்கிழமை. புதன்கிழமையே கிடங்கு காலி.

அத்தானைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

"பின்னால ஆள் வர்றது எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டிருக்கிறார் அந்த மேடம்.

"ஷூ மாத்தலை மேடம்."

"தெரிஞ்சதும்?"

"உதறிட்டுப் போயிட்டேன்."

"ஏன்?"

"பழக்கம் மேடம்."

"தப்பு பண்ணாதவனுக்குப் பின்னால ஆள் வர்றதே தெரியாது. தெரிஞ்சாலும், யாருய்யா நீன்னு சட்டையைப் பிடிப்பான். நீங்க சந்துக்குள்ள போய் மறைஞ்சிருக்கீங்க. வியாழக்கிழமையை யார்கிட்ட சொன்னீங்க?"

யாரிடமும் சொல்லவில்லை என்று வாயெடுத்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. சோதனையில் சுட்டுக்கொண்டால் துணி துவைக்கும் கல் பக்கம் நிற்கிறவள்மேல் குண்டு படும். அந்தப் பயத்தில் ஒவ்வொரு முறையும் அவளைப் பார்த்து, "அன்னிக்கு மட்டும் வேலைக்குப் போகாதே" என்று சொல்லிவிடுவார். வேறு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் எஜமானியம்மாவிடம் முன்கூட்டியே லீவு கேட்பாள். அவள் லீவு கேட்கிறாள் என்று தெரிந்ததும் கிடங்குக்காரர் சரக்கை நகர்த்திவிடுவார்.

"அவனுக்கு எப்பவோ தெரிஞ்சுபோச்சு மாப்ள" என்றார் அத்தான். "அவளை ஏன் விட்டு வச்சிருக்கான்னா, அவ லீவு அவனுக்கு உபயோகமா இருக்கு. உபயோகம் இல்லாத அன்னிக்கு..." முடிக்கவில்லை.

மேடத்திடம் அவளுடைய பெயரை அத்தான் சொல்லவில்லை. "கசிவு நான்தான். ஆனா வேணும்னு இல்ல" என்று மட்டும் நடந்ததை விளக்கியிருக்கிறார். மேடம் கெட்டிக்காரி. உடனே பிடித்துக்கொண்டார். அந்த ஆளை இன்னொரு முறை லீவு கேட்கச் சொல்லுங்கள், சரக்கு வெளியே வரும் சாலையில் நாங்கள் நிற்கிறோம் என்றார். அப்புறம் அந்த ஆளின் கதி என்று கேட்டார் அத்தான். பெயரைச் சொன்னால் பாதுகாப்பு போடலாம் என்றார் மேடம். அந்தப் பாதுகாப்பை அத்தான் பார்த்திருக்கிறார். வாசலில் ஒரு நாற்காலி, அதில் தூங்கி வழியும் ஒரு போலீஸ்காரர்.

"நாளைக்குச் செருப்பை வாங்க வருவா. நான் பக்கத்துல போக முடியாது. நீதான் சொல்லணும்" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதை என்னைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். எனக்குச் சொந்த வீட்டு விலாசமே மறந்துபோனதுபோல் வார்த்தைகள் குழறின.

மறுநாள் வந்தாள். பழுப்பு ஷூ எதிர்ச்சாரியில் நின்றிருந்தது. அது நம் பக்கமா எதிர்ப்பக்கமா என்றெல்லாம் பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. அவளை பெஞ்சில் உட்காரச் சொல்லி, காலுக்குச் செருப்பு மாட்டுகிறவன் போலக் கீழே குந்தினேன்.

"திங்கட்கிழமைக்கு லீவு கேட்டுடுங்க. கேட்டுட்டு, ஞாயித்துக்கிழமையே பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. எங்கன்னு யார்கிட்டயும் சொல்ல வேணாம், உங்களை வந்து பார்க்கிறவர்கிட்டகூட."

"அவருக்கு நான்னு தெரியுமா அண்ணே? எங்க ஐயாவுக்கு?"

"தெரியுமாம்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண்ணாடியில் அவள் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"தெரிஞ்சுக்கிட்டேதான் என் பொண்ணுக்கு முட்டாய் குடுத்தாரா?" என்றாள். கடையிலேயே நல்ல ஷூவாக எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டேன், நடந்தால் சத்தம் வராத அடி. சிவப்புச் செருப்பு ஆணியிலேயே இருக்கட்டும், என்றைக்காவது ஆபத்து என்றால் யாரையாவது அனுப்பி அதைக் கேளுங்கள் என்றேன். தலையசைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவே சரக்கு சாலையில் பிடிபட்டது. கிடங்குக்காரர் உள்ளே போனார். அவருடைய ஆட்கள் பலர் வெளியே இருந்தார்கள். முக்கிய சாட்சியை ஊரைவிட்டு அனுப்பிவிட்டார் என்று மேடம் அத்தானை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார். அத்தான் அதற்காக வருந்தி நான் பார்க்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரே கவலை. அடிக்கடி கடைக்கு வருவார், பெஞ்சில் உட்காருவார், கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்பார்.

"யாராவது செருப்பைக் கேட்டாங்களா?"

"இல்ல அத்தான்."

மூச்சு விடுவார். தூங்க ஆரம்பித்திருக்கிறார் என்று அக்கா சொன்னாள்.

மழை பெய்த ஒருநாள் ஒருவர் கடைக்கு வந்தார். மரியாதையான ஆள். பாலிஷ் டப்பாவை எடுத்துப் பார்த்தார், வைத்தார். பிறகு ஆணியைக் காட்டி, "அது யாரோட செருப்பு?" என்றார்.

"எங்க அக்காவோடது சார். தம்பி கடைன்னா எடுத்துட்டுப் போகணும்னு தோணுமா?" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று இன்றும் தெரியவில்லை.

அவர் சிரித்தார். "இதே மாதிரி செருப்பு போட்ட ஒரு அம்மாவைத் தேடுறோம். அடிக்கடி தைக்கக் குடுப்பாங்களாம். இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க, நான் மறுபடி வரேன்." போய்விட்டார். அன்று நான் ஒரு தையல்கூடப் போடவில்லை.

அத்தானிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். இப்போதுதான் மனிதர் தூங்குகிறார்.

அவர் வந்தார், உட்கார்ந்தார். "யாராவது கேட்டாங்களா?"

"இல்ல அத்தான்" என்றேன், குரல் பிசகாமல். எனக்கே பெருமையாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் கால்விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்துச் சுருண்டிருந்தன.

"என்ன ஷூ?" என்றார்.

"கறுப்பு. புதுசு. மழையில சேறுகூட ஒட்டலை."

"கார்ல வந்திருக்கான். என்ன சொன்னான்?"

"அந்த அம்மாவைத் தேடுறோம், மறுபடி வரேன்னான். அது எங்க அக்கா செருப்புன்னு சொல்லி வச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

"தேடுறான்னா இன்னும் கிடைக்கலை மாப்ள" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எழுந்ததும், அந்தச் செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். ஆணியை நோக்கிக் கையும் நீட்டிவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வலித்தது.

"தொடாதே. மறுபடி வரேன்னு சொல்லியிருக்கான். இருக்கிற வரைக்கும் அது உங்க அக்கா செருப்பு. இல்லாம போச்சுன்னா, நமக்கு ஏதோ தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். அவ லீவு கேட்ட மாதிரிதான்."

அதனால் அது இன்னும் அங்கேயே தொங்குகிறது. தினமும் கடை திறந்ததும் முதலில் அதைத்தான் தூசி தட்டுகிறேன். தட்டும்போது தெருவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன்.