டிஸ்க் இல்லாமல் திறந்த பக்கம்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதெல்லாம் மனப்பிரமை என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன்.

ஊர்க்கோடியில் இருளர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே கன்னியப்பன் என்று ஒருவர், என்னிடம் ஐந்தாவது வரை படித்தவர், கழனி வேலைக்குப் போகிறவர். அவர் மகள் நதியாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழ் கொடுத்தால்தான் சேர்க்கை. அதற்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில், அப்பாவின் பள்ளிப் பதிவேட்டில் என்ன சாதி எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லிவிட்டார்கள். பழைய பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. அதற்கு முன்பே பக்கங்களையெல்லாம் ஸ்கேன் எடுத்து என் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். இது ஊருக்கே தெரியும்.

ஒரு புதன்கிழமை கன்னியப்பன் வந்து வாசலிலேயே நின்றார்.

“சார், எம்பேரு கீற பக்கத்த மட்டும் ஒரு காப்பி எடுத்துக் குடுத்தீங்கன்னா போதும். பொண்ணு அழுதுக்கினே கீது.”

“கம்ப்யூட்டர் படுத்துடுச்சு கன்னியப்பா. ஆன் பண்ணா அப்படியே நின்னு போவுது. ஐகான் ஒண்ணுகூட காணோம்” என்றேன்.

“அய்யய்யோ. எப்போ சார் செரியாவும்?”

“யாருக்குத் தெரியும்?”

உள்ளே கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே சாதிக் கட்டம் காலி. பள்ளியில் சேர்க்க வந்த அன்று அவருடைய அம்மா, “நாங்க இருளருங்க” என்று சொன்னார். சான்றிதழ் கொண்டு வா, அப்புறம் எழுதுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவர்களிடம் காட்ட எதுவும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வாயால் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதினேன். அந்தக் காலிக் கட்டத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பொய்.

மறுநாள் வியாழன், காலை பத்து மணி, நல்ல வெயில். கம்ப்யூட்டரைப் போட்டேன், பாதியில் நின்றது, தானே அணைந்து மறுபடி வந்தது. திரையில் பின்னணிப் படம் மட்டும் இருந்தது. ஐகான் ஒன்றுகூட இல்லை. நான் சொன்னது சொன்னபடியே நடந்திருந்தது. மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ஐகான்களைக் காட்டு என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். எல்லா ஐகானும் ஒரு நொடி வந்து, ஒவ்வொன்றாக மறைந்தது, கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுபோனது. தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பஸ் நிலையத்தருகே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பர்வீனைக் கூப்பிட்டேன். வந்து சேஃப் மோடில் போட்டுப் பார்த்தாள், புதிதாக ஒரு யூசர் உருவாக்கிப் பார்த்தாள். எதற்கும் மசியவில்லை.

“உங்க ஃபைலெல்லாம் கீற டிஸ்க்குதான் பேஜார் பண்ணுதுன்னு நினைக்கிறேன் சார். அத்த கழட்டிட்டு என் பென்டிரைவ்லேர்ந்து போட்டுப் பாக்கறேன். அப்பவும் நின்னா கோளாறு வேற எடத்துல.”

அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றினாள். பென்டிரைவைச் சொருகிப் போட்டாள். வெறும் நீலத் திரை வந்தது, நடுவில் ஒரே ஒரு ஐகான். பக்கம் 47.

“இது இன்னா சார்? என் பென்டிரைவ்ல இப்பிடி ஒண்ணு கெடையாதே.”

“அது என் ஃபைல்மா. டிஸ்க்கைத் திரும்ப மாட்டிட்டியா?”

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். “டிஸ்க்கு என் கையில கீது சார்.”

அவள் அந்த ஐகானைத் திறந்தாள். கன்னியப்பன் பெயர் இருக்கும் பக்கம்தான். சாதிக் கட்டத்தில் ‘இருளர்’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுதவில்லை.

ஒரு பிரதி எடுக்கச் சொன்னேன். தாள் வெளியே வந்ததும் திரை நின்றது. மறுபடி போட்டபோது அந்த ஐகான் இல்லை. டிஸ்க்கை மாட்டினாள், எல்லா ஐகானும் பழையபடி வரிசையாக வந்து நின்றன. அதிலிருந்த பக்கம் 47-ஐத் திறந்தால் கட்டம் காலி.

“நா இத்த யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீங்களும் எம்பேர இழுக்காதீங்க சார்” என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனாள். பர்வீன் அவளுடைய உண்மைப் பெயரல்ல.

அன்று மதியமே கன்னியப்பன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எங்கம்மா அன்னிக்குச் சொல்லிச்சா இல்லியா சார்?”

“சொன்னாங்க.”

“அத்த ஆபீஸ்ல வந்து சொல்லு சார். அது போதும்.”

திங்கட்கிழமை காஞ்சிபுரத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவரோடு போனேன். அதிகாரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “இதுலயே எழுதியிருக்கே சார், அப்புறம் நீங்க எதுக்கு?” என்றார். “அதை வெச்சுக்காதீங்க சார். அந்தப் பையனுக்கு நான் எழுதாம விட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார். குடியிருப்புக்கு நேரில் வந்து விசாரித்தார். சான்றிதழும் வந்தது, கல்லூரியில் கடைசித் தேதி போன பிறகு. நதியா அந்த ஒரு வருஷம் அப்பாவோடு நாற்று நட்டாள். மறு வருஷம்தான் சேர்ந்தாள். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறாள், நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

வாக்குமூலத்தின் நகல் ஒன்றை எனக்கும் கொடுத்திருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை மாலையே அதையும் பர்வீன் எடுத்த தாளையும் மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். பர்வீன் எடுத்த தாளில் மற்ற வரிகளெல்லாம் என் முப்பது வயதுக் கையெழுத்து, உருண்டையாக, நேராக. ‘இருளர்’ மட்டும் நடுங்கியிருந்தது. எனக்குக் கை நடுக்கம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அலுவலகத்தில் இரவல் வாங்கிய பேனா கசிந்து, வாக்குமூலத்தில் நான் எழுதிய ‘இருளர்’ என்ற சொல்லின் கடைசிப் புள்ளி மிளகளவு ஊறிப்போயிருந்தது. பர்வீன் எடுத்த தாளிலும் அந்தப் புள்ளி அதே அளவுக்கு ஊறியிருந்தது.

பர்வீன் பிரதி எடுத்தது வியாழக்கிழமை. அந்தப் பேனாவை நான் கையில் வாங்கியது திங்கட்கிழமை.