வயசானதும் சாப்பிட வேண்டிய மாத்திரை

இன்னைக்கு செக்காலை ரோட்டு மருந்துக்கடையில் ஒரு டப்பா வைட்டமின் மாத்திரை வாங்கினேன். "அறுபது தாண்டிட்டீகல்ல சார், தினம் ஒண்ணு போடுங்க" என்றார் கடைக்காரர்.

தொண்ணூறுகளில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து அப்பாவுக்கு இதே மாதிரி ஒரு பாட்டில் கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டிவிட்டு, திரும்ப பீரோவில் சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுவார் அப்பா.

"எப்பத்தான் சாப்பிடுவீக?" என்பார் அம்மா.

"வயசாகட்டும்டி."

அப்போது அப்பாவுக்கு எழுபத்தொன்று.

அவர் போன பிறகு பீரோவைத் திறந்தோம். பாட்டில் சீல் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இன்று வாங்கிய டப்பாவை பீரோவில்தான் வைத்தேன். எனக்கு அறுபத்துமூன்றுதானே, அதற்குள் என்ன அவசரம்?

நீங்களாவது உங்க டப்பாவைத் திறந்தீகளா?